6.0 பவர் ஸ்ட்ரோக்: எதற்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஃபோர்டு சூப்பர் டூட்டி எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் 2003 முதல் 2007 மாடல் வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினுக்கு வெளிக்கம்பெனிப் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன. அலுமினிய ரேடியேட்டர், ஆயில் கூலர், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) கூலர், கூலண்ட் ஃபில்டர், ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் ஹெட் ஸ்டட், இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றியமைத்துப் பவர் ஏற்றும் டியூனர், பெரிய டர்போ என்று எதைத் தேடினாலும் பத்து கம்பெனி வந்து நிற்கும். பெரும்பாலானவை நல்ல சரக்குதான். கெடுதல் வருவது வாங்கும் வரிசையில். டியூனரை முதலிலும் ஆயில் கூலரைக் கடைசியிலும் வாங்குகிறவர், இடையில் ஹெட் கேஸ்கெட்டுக்கும் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள தகடு) சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் இங்கே பாகங்களை விலைப்படி பார்க்காமல், வண்டியில் எந்த வரிசையில் ஏற வேண்டுமோ அந்த வரிசையிலேயே எடை போட்டிருக்கிறோம்.

இந்த இன்ஜினைச் செய்தது நாவிஸ்டார். இன்டர்நேஷனல் லாரிகளில் இதுவே விடி365 என்ற பெயரில் ஓடியது. 5,954 சிசி, வி8, சிலிண்டருக்கு 4 வால்வு, 325 குதிரைத்திறன். டார்க் 560 பவுண்டு-அடி. 2005 மாடலில் 570 ஆனது. பவர் ஸ்ட்ரோக் வரிசையில் ஈஜிஆர் முதன்முதலாக வந்ததும் இதில்தான். வாரண்டிச் செலவு யார் தலையில் என்று ஃபோர்டும் நாவிஸ்டாரும் 2007-ல் நீதிமன்றம் வரை போய், 2009 ஜனவரியில் சமரசத்துக்கு வந்தார்கள். பெயர் அவ்வளவு கெட்டுப்போன இன்ஜின். ஆனால் பிளாக், கிராங்க், ராடு எல்லாம் உறுதியானவை. நோய் ஓரிடத்தில் தொடங்கி அங்கிருந்து பரவுகிறது. அந்த இடம் ஆயில் கூலர்.

ஆயில் கூலர் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், ஆயில் ஃபில்டர் கிண்ணத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. தகடுகளை அடுக்கிச் செய்தது. ஒரு தகட்டு இடைவெளியில் ஆயில், அடுத்ததில் கூலண்ட். கூலண்ட் போகும் வழி மிகக் குறுகலானது. பிளாக் வார்ப்பில் தங்கிவிட்ட மணலும், பழைய தங்கநிறக் கூலண்டிலிருந்து பிரிந்து வரும் சிலிக்கேட் கூழும் அங்கே வந்து அடைகின்றன. அடைப்பு ஏற ஏற ஆயில் சூடாகும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஈஜிஆர் கூலருக்குப் போகும் கூலண்ட் இந்த ஆயில் கூலரைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே அடைத்தால் அங்கே தண்ணீர் இல்லை. கொதிக்கும் புகைக்காற்று உள்ளே பாயும்போது ஈஜிஆர் கூலரில் மிச்சமிருக்கும் கூலண்ட் ஆவியாகி, கூலரின் உட்பாகம் வெடிக்கிறது. கூலண்ட், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குள் இறங்குகிறது. அப்போதுதான் வெள்ளைப்புகை, கூலண்ட் குறைவு, சில வண்டிகளில் சிலிண்டருக்குள் தண்ணீர் பூட்டிக்கொள்வது, கடைசியாக ஹெட் கேஸ்கெட். உரிமையாளர் கண்ணில் படுவது கடைசி இரண்டும்தான். அதனால்தான் ‘ஹெட் போய்விடும் இன்ஜின்’ என்று பெயர் வந்தது.

முதலில் வாங்க வேண்டியது மீட்டர்

டாஷ்போர்டில் கம்பெனி கொடுத்த டெம்பரேச்சர் முள்ளை நம்பி இந்த இன்ஜினை ஓட்ட முடியாது. சூடு ஓர் அகலமான எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் ஃபோர்டு அதை அமைத்திருக்கிறது. தேவைப்படுவது இரண்டு எண்கள்: கூலண்ட் வெப்பம், ஆயில் வெப்பம். இரண்டுக்கும் சென்சார் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது, படிக்க ஒரு கருவிதான் வேண்டும். ஸ்கேன்கேஜ் 2, எட்ஜ் இன்சைட் இரண்டுமே இந்த வேலைக்குப் போதும். ஸ்கேன்கேஜ் சிறியது, ஆயில் வெப்பத்துக்கும் ஃபிகிம் (இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வோல்டேஜுக்கும் தனிக் குறியீடுகளைக் கையால் ஏற்ற வேண்டும். இன்சைட் பெரிய திரையோடு வருகிறது, விலையும் அதற்கேற்ப அதிகம். இருக்கிற போனிலேயே முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் வண்டியின் கம்ப்யூட்டர் சாக்கெட்டில் செருகும் நல்ல ஓபிடி அடாப்டர் ஒன்றோடு டார்க் ப்ரோ அல்லது ஃபோர்ஸ்கேன் செயலியை வைத்துக்கொள்ளலாம். மிக மலிவான அடாப்டர்கள் ஓடும்போது இணைப்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். அதைத் தவிர்த்தால் சரி.

அளக்கும் முறை: வண்டி நன்றாகச் சூடாகி 20 நிமிடமாவது ஓடியிருக்க வேண்டும். சுமை இல்லாமல், சமதளமான நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் நிதானமாகப் போகும்போது ஆயில் வெப்பத்திலிருந்து கூலண்ட் வெப்பத்தைக் கழியுங்கள். வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் இந்த வண்டிக்காரர்கள் டெல்டா என்கிறார்கள். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் கூலர் ஆரோக்கியமாக இருக்கிறது. பாரம் இழுத்து மேட்டில் ஏறும்போது டெல்டா உயர்வது இயல்பு, அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் கூலண்ட் 190 டிகிரிப் பக்கம் வராமலே குளிர்ந்து நிற்கும். டெல்டா பொய்யாகப் பெரிதாகத் தெரியும். கூலண்ட் அந்த அளவுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூலருக்கு ஆர்டர் போட வேண்டும்.

பழைய 6.0 வாங்கப் போகிறவர்களும் இந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஓட்டிப் பார்க்கும்போதே டெல்டாவைப் படித்துவிடலாம். விற்பவர் சொல்லும் பராமரிப்புக் கதையைவிட அந்த எண் நம்பகமானது.

கூலண்டும் கழுவலும்

ஃபோர்டு ஊற்றிக் கொடுத்த மோட்டார்கிராஃப்ட் கோல்டு கூலண்டில் சிலிக்கேட் உண்டு. இந்த இன்ஜின் எட்டும் சூட்டில் அது பிரிந்து கூழாகிறது. மாற்றாக ஊற்ற வேண்டியது கேட்டர்பில்லரின் ஈசி-1 தரத்துக்கு உட்பட்ட நீண்டகாலக் கூலண்ட். கேட் ஈஎல்சி அந்த வகை. சிவப்பு நிறத்தில் இருப்பதெல்லாம் ஈசி-1 ஆகிவிடாது. டப்பாவின் மேல் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. ஆகவே கழுவல் முக்கியம், அதுவும் முறையாக.

மொத்தக் கொள்ளளவு 27.5 குவார்ட், அதாவது ஏறக்குறைய 26 லிட்டர். ரேடியேட்டர் அடிக் குழாயை மட்டும் திறந்தால் பாதிகூட இறங்காது. பிளாக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிரெயின் பிளக் இருக்கிறது. வலது பக்கத்தில் இருப்பது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே ஒளிந்திருக்கும். இரண்டையும் கழற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு கழுவும் ரசாயனம். மோட்டார்கிராஃப்ட் விசி-9 துருவைக் கரைக்கும் அமில வகை. விசி-1 சாதாரணச் சுத்திகரிப்பான். ரெஸ்டோர், ரெஸ்டோர் பிளஸ் என்ற ஜோடியையும் லாரிப் பட்டறைகளில் இதே வேலைக்கு வைத்திருப்பார்கள். அமில வகையை லேபிளில் சொன்ன நேரத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. அதன்பின் வடிநீரால் (காய்ச்சி வடித்த நீர்) அலசுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இந்தக் கழுவலைப் பழைய ஆயில் கூலர் வண்டியில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். புதுக் கூலரைப் பூட்டிய பிறகு ரசாயனம் ஊற்றினால், பிளாக்கிலிருந்து கழன்று வரும் சேறெல்லாம் நேரே புதுக் கூலருக்குள் போய் அடையும். பல பட்டறைகளில் நடப்பது இதுதான். கூலரை மாற்றிச் சில மாதத்தில் டெல்டா மறுபடி 15-ஐத் தொடுவதற்கும் இதுவே காரணம். கூலர் ஏற்கெனவே அடைத்திருந்தால் கழுவலுக்குப் பிறகு அது இன்னும் மோசமாகலாம். அதனால் புதுக் கூலரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கழுவவே தொடங்க வேண்டும்.

நிரப்பும்போது ஒரு கணக்கு. எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் அலசிய நீர் பிளாக்கில் தங்கும். முன்கூட்டிக் கலந்த கூலண்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். சுத்தமான கான்சென்ட்ரேட் வாங்கி, மொத்தத்தில் பாதியான 13.75 குவார்ட்டை முதலில் ஊற்றிவிட்டு மீதியை வடிநீரால் நிரப்புங்கள். இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு ரெஃப்ராக்டோமீட்டரில் உறைநிலை மைனஸ் 34 ஃபாரன்ஹீட் பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

ஆயில் கூலர்: ஒரிஜினலா, வெளிக்கூலரா

இங்கேதான் பெரிய பணம். ஒரு வழி, ஃபோர்டு அல்லது நாவிஸ்டாரின் ஒரிஜினல் தகட்டுக் கூலரையே மறுபடி போடுவது. இன்னொரு வழி, ஆயிலை வண்டியின் முன்னால் கொண்டுபோய்க் காற்றில் ஆற்றும் வெளிக்கூலர். அரிசோனா மாநிலம் மேசா நகரத்து புல்லட் ப்ரூஃப் டீசல் கம்பெனியின் கிட் இதில் பெயர் பெற்றது.

வெளிக்கூலரின் தத்துவம் தெளிவானது. ஆயிலுக்கும் கூலண்டுக்கும் உள்ள உறவையே அறுத்துவிடுகிறது. பழைய கூலர் இருந்த இடத்தில் ஒரு இணைப்புக்கட்டை உட்கார்ந்து, கூலண்டைத் தடையில்லாமல் ஈஜிஆர் கூலருக்கு அனுப்புகிறது. குறுகலான தகடுகளே இல்லாததால் அடைக்க இடமில்லை. கோடைகாலத்து அரிசோனாவிலும் டெக்சாஸிலும் கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு இதைவிட நிம்மதியான பாகம் இல்லை. விலையோ ஒரிஜினல் கூலரைப் போல் பல மடங்கு. ஆயில் குழாய்கள் இன்ஜினிலிருந்து முன்பக்கம் வரை நீளமாக ஓடுகின்றன. இந்த இன்ஜினில் இன்ஜெக்டரைத் தள்ளுவதே உயரழுத்த ஆயில்தான். ஒரு ஹோஸ் எங்காவது உரசிப் பிய்ந்து ஆயில் கொட்டினால் இன்ஜின் நடுச்சாலையில் நின்றுவிடும். எனவே ஹோஸ் போகும் வழியில் பிராக்கெட், ஃபிரேம் விளிம்பு, ஃபேன் ஷ்ரவுட் எதுவும் தொடாதபடி கிளிப் போட்டு, முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகு படுத்துப் பார்த்துவிட வேண்டும். கனடா மாதிரியான குளிரில் இன்னொரு கவலையும் உண்டு. ஆயில் சூடாவதற்கு நேரம் பிடித்தால் இன்ஜெக்டர்கள் தடுமாறும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கூலரைத் தாண்டிச் சுற்றிவிடும் பைபாஸ் கிட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று: வெளிக்கூலர் போட்ட வண்டியில் டெல்டா பார்ப்பதற்கு அர்த்தமில்லை. குளிர்காலத்தில் ஆயில் கூலண்டைவிடக் குளிர்ந்தே இருக்கும்.

தினசரி வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு, வாரக்கடைசியில் ஒரு சின்ன டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு ஒரிஜினல் கூலரே போதும். ஒழுங்காகக் கழுவி, ஈசி-1 கூலண்ட் ஊற்றி, ஃபில்டரும் வைத்தால் அது தன் வேலையைச் செய்யும். மலிவான பெயரில்லாக் கூலரை மட்டும் வாங்க வேண்டாம். உள்ளே தகடுகள் பிரியாமல் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அது பிரிந்தால் ஆயிலும் கூலண்டும் கலந்துபோய் டிகாஸ் பாட்டில் (கூலண்ட் ஊற்றும் பாட்டில்) முழுக்கச் சாக்லேட் நிறக் குழம்பாகும்.

மாற்றும் வேலை கைப்பழக்கம் உள்ளவருக்கே முழு நாள். ஏர் குழாய், டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு என்று வரிசையாக எடுத்த பிறகுதான் கூலரே கண்ணில் படும். கூலரைத் தூக்கியதும் அதன் அடியில் உயரழுத்த ஆயில் பம்புக்கான தொட்டி வாய் திறந்து கிடக்கும். அங்கே ஒரு சின்ன போல்ட்டோ கேஸ்கெட் துணுக்கோ விழுந்தால் பம்பு போச்சு. பள்ளத்தைச் சுற்றியுள்ள அழுக்கை முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிட்டு, தூக்கிய உடனே வாயை அடைத்துவிடுங்கள். அதே இடத்தில் இருக்கும் வலைச்சல்லடையைக் கட்டாயம் புதுசாக மாற்றுங்கள். பழையது கிழிந்திருந்தால் துணுக்குகள் பம்புக்கும் பிரஷர் ரெகுலேட்டருக்கும் போயிருக்கும். புதுக் கூலரை அதன் அலுமினியக் கிண்ணத்தில் பூட்டியதும் வண்டியில் வைப்பதற்கு முன் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஓ-ரிங் மடிந்து உட்கார்ந்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். டர்போவின் அடி டிரெயின் குழாய் ஓ-ரிங்குகளைப் பழையதாக விட வேண்டாம்.

டர்போவும் மேனிஃபோல்டும் வெளியே இருக்கும் இந்த நேரத்தில் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. ஏறக்குறைய 2005 முதல் 2007 வரையான வண்டிகளில் உயரழுத்தப் பம்பின் வாயில் எஸ்டிசி என்ற சொருகு இணைப்பு இருக்கும். சூட்டில் அது கசிந்து, சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிறுத்திவிடும். ஃபோர்டே ஒற்றைத்துண்டு மாற்றுப் பாகம் வெளியிட்டது. விலை குறைவு; தனியாகச் செய்தால் கூலி பெரிசு. டர்போவுக்குள் புகையின் வழியைத் திருப்பும் சிறு தகடுகளான வேன்களும் துருவும் கரியும் பிடித்து ஒட்டியிருக்கும். அவற்றை ஒன்றாக நகர்த்தும் யூனிசன் வளையத்தைச் சுத்தம் செய்து, வேன் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ஆயில் தொட்டி காலியாக இருப்பதால் உடனே ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டர் கிண்ணத்தில் புது ஆயிலை ஊற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல் ஆற விட்டு ஆற விட்டுச் சுற்றுங்கள். மொத்த ஆயில் 15 குவார்ட். ஃபில்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: வேறு கம்பெனியின் உயரமான மூடியும் அதற்கான நீள ஃபில்டரும் இந்தக் கிண்ணத்தில் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் அடியிலுள்ள டிரெயின் வால்வு சரியாக மூடாமல், ஆயில் ஃபில்டருக்குள் போகாமலே திரும்பிவிடும். ஒரிஜினல் மூடி, அதற்குரிய குட்டை ஃபில்டர் இரண்டையும் விட்டு விலக வேண்டாம்.

ஈஜிஆர் கூலர்

ஒரிஜினல் ஈஜிஆர் கூலரில் இரண்டு வடிவம் உண்டு. ஆரம்ப மாடல்களில் உருண்டை, பிறகு வந்தவற்றில் சதுரம். இரண்டுக்கும் இன்டேக் மேனிஃபோல்டும் மாறும். 2004 மாடல் வைத்திருப்பவர்கள் ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாமல், வண்டியில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மாற்றுக் கூலர்களில் வாங்கத் தகுந்தவை மெல்லிய மடிப்புத் தகடுகளுக்குப் பதில் கனமான துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்தவை. புல்லட் ப்ரூஃப் டீசல், சினிஸ்டர் டீசல் இரண்டும் இப்படிச் செய்கின்றன. குழாய் கனமாக இருப்பதால் சூட்டில் விரிந்து சுருங்கினாலும் பற்றவைத்த இடம் சுலபத்தில் பிளக்காது. ஆனால் ஆயில் கூலர் அடைத்த நிலையிலேயே இதை மட்டும் மாற்றுவது காசைக் கரைப்பது. கூலண்ட் வராத கூலர் எந்த உலோகத்தில் இருந்தாலும் கொதிக்கத்தான் செய்யும்.

ஈஜிஆரையே கழற்றி எறியும் ‘டெலீட் கிட்’ பற்றி: அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி சாலையில் ஓடும் வண்டியில் இது குற்றம். விற்பதும் குற்றம், பொருத்திக் கொடுப்பதும் குற்றம். கலிஃபோர்னியா மாதிரிப் புகைப் பரிசோதனை உள்ள இடங்களில் வண்டி தேறாது, விற்கவும் முடியாது. நல்ல குழாய்க் கூலர் கிடைக்கும்போது அந்த ஆபத்தை எடுக்கக் காரணமே இல்லை.

கூலண்ட் ஃபில்டர், ரேடியேட்டர், மற்றவை

கூலண்ட் ஃபில்டர் கிட் கொடுத்த விலைக்கு மேல் பலன் தரும் பாகம். ஹீட்டர் ஹோஸ் பாதையிலிருந்து ஒரு சிறு பங்கைத் திருப்பி ஃபில்டர் வழியாக அனுப்புகிறது. முழு ஓட்டத்தையும் வடிகட்டாது. அடைத்த கூலரைத் திறக்கவும் திறக்காது. புதுக் கூலரைக் காப்பதே அதன் வேலை. ரசாயனச் சேர்க்கை இல்லாத வெற்று ஃபில்டரைத்தான் வாங்க வேண்டும். சேர்க்கை உள்ளது ஈசி-1 கூலண்டோடு ஒத்துப்போகாது. இரண்டு பக்கமும் மூடும் வால்வு உள்ள கிட்டாக எடுத்தால் கூலண்ட் கொட்டாமல் மாற்றலாம். முதல் ஃபில்டரை ஆயிரம் மைலுக்குள் கழற்றி அறுத்துப் பாருங்கள். உள்ளே மணல் தெரிந்தால் அடுத்ததையும் சீக்கிரம் மாற்றுங்கள்.

மிஷிமோட்டோ போன்றவர்களின் முழு அலுமினிய ரேடியேட்டர் நன்றாகச் செய்யப்பட்டது. ஒரிஜினலில் பிளாஸ்டிக் டேங்க், அலுமினியக் கூட்டோடு மடித்துப் பிடித்த இடத்தில் கசியும். பற்றவைத்த அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கசியாத ரேடியேட்டரை மாற்றி டெல்டா குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கசிந்தால் வாங்குங்கள்.

ஃபேன் கிளட்ச் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்குவது. வெறும் மெக்கானிக்கல் கிளட்சுக்கு மாற்றும் மலிவு கிட்டுகள் ஃபால்ட் கோடு எழுப்பும். கம்ப்யூட்டர் கேட்கும்போது ஃபேன் வேகமெடுக்காது. ஒயரோடு வரும் ஒரிஜினல் வகையையே போடுங்கள். வாட்டர் பம்பில் பிளாஸ்டிக் இம்பெல்லருக்குப் பதில் உலோக இம்பெல்லர் வாங்குவது நியாயம். டிகாஸ் பாட்டில் மூடி 16 பிஎஸ்ஐ. பழைய மூடி பிடிக்காமல் போய்க் கூலண்ட் கக்கினால் பலர் ஹெட் போய்விட்டது என்று பயந்துபோகிறார்கள். முதலில் புது மூடி. அதற்கும் அடங்காமல், பாட்டிலில் பிரஷர் மீட்டர் மாட்டி முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டும்போது அழுத்தம் 16-ஐத் தொட்டு ஏறினால்தான் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஹெட் ஸ்டட்

ஒரு ஹெட்டுக்குப் பெரிய போல்ட் 10 மட்டுமே. சிலிண்டரைச் சுற்றி 4. முந்தைய 7.3 இன்ஜினில் ஹெட்டுக்கு 18 இருந்தது. அதோடு 6.0-ன் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டால் மறுபடி பயன்படாத வகை. ஏஆர்பி கம்பெனியின் ஸ்டட் செட் இந்தக் குறையைச் சரிசெய்கிறது. பாகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை வருவது பூட்டுவதில்.

பிளாக்கின் துளைகளில் ஆயிலோ கூலண்டோ ஒரு சொட்டுத் தேங்கினாலும் ஸ்டட் அதை அமுக்கி, டார்க் ரெஞ்சில் பொய் எண் காட்டும். பிளாக்கே விரிசல் விடலாம். காற்றடித்து உலர்த்துங்கள். ஸ்டட்டைப் பிளாக்கில் கை இறுக்கத்தில் மட்டும் வையுங்கள். நட்டின் மரையிலும் வாஷரோடு தொடும் முகத்திலும் ஏஆர்பி கொடுக்கும் லூப்ரிகண்ட்டையே தடவ வேண்டும். இன்ஜின் ஆயில் தடவினால் கணக்கு மாறிவிடும். இறுக்கும் வரிசைப்படி 70, 140, 210 பவுண்டு-அடி என்று மூன்று சுற்று. கேபினைத் தூக்காமல் செய்தால் பின்பக்கத்துச் சில ஸ்டட்களைப் பிறகு நுழைக்க இடமிருக்காது. ஹெட்டை இறக்கும்போதே அதற்குள் செருகி இறக்க வேண்டும். கேஸ்கெட் வாங்கும்போது டவல் (ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் முளை) அளவைப் பாருங்கள். பழைய வண்டிகளில் 18 மில்லிமீட்டர், 2006-ல் 20 ஆக மாறியது. ஹெட் இரண்டையும் மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சமதளமும் விரிசலும் பார்க்காமல் ஸ்டட் போடுவது வீண். வளைந்த ஹெட்டை எந்த ஸ்டட்டும் நிமிர்த்தாது.

ஹெட் நன்றாக இருக்கும் ஸ்டாக் (கம்பெனி விட்டபடியே உள்ள) வண்டியில் முன்ஜாக்கிரதைக்காக ஹெட்டைக் கழற்றி ஸ்டட் போடச் சொல்ல மாட்டோம். கூலி பாகத்தை விட மிகப் பெரிது. கேஸ்கெட்டுக்காக ஒருநாள் ஹெட் கழலும்போது ஸ்டட் இல்லாமல் திரும்பப் பூட்டக் கூடாது.

பவர் சேர்ப்பதற்கு முன்

இன்ஜெக்டருக்கு வரும் டீசல் அழுத்தம் பாரத்திலும் 45 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. போனால் இன்ஜெக்டர்கள் உள்ளேயே அடிபடும். ஃபோர்டின் ‘நீல ஸ்பிரிங்’ கிட் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றி அழுத்தத்தை 60 பக்கம் கொண்டுவருகிறது. இன்ஜின் மேலிருக்கும் இரண்டாவது ஃபில்டர் கூட்டில் சில ஸ்க்ரூ கழற்றி மாட்டும் வேலை. இந்தப் பட்டியலில் போட்ட காசுக்கு இவ்வளவு திருப்பித் தரும் பாகம் வேறில்லை. ஸ்பிரிங் மாற்றியும் அழுத்தம் விழுந்தால் கோளாறு பம்பில், அல்லது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பிக்கப் குழாயில்.

இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் கொடுக்கும் பெட்டி ஃபிகிம். சாவி போட்டதும், ஸ்டார்ட்டர் சுற்றும்போதும், இன்ஜின் ஓடும்போதும் 48 பக்கம் நிற்க வேண்டும். 45-க்குக் கீழே இறங்கினால் பெட்டியைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். 58 வோல்ட் பவர் சப்ளைகள் விற்கிறார்கள். ஸ்டாக் இன்ஜெக்டருக்கு அவை தேவையில்லை. நல்ல 48 வோல்ட் ரீபில்டும் இரண்டு நல்ல பேட்டரியும் போதும். பேட்டரி தளர்ந்தால் முதலில் சாவது ஃபிகிம்தான். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே டியூனர். எஸ்சிடி எக்ஸ்4 கருவியில் இந்த இன்ஜினுக்கு நல்ல ஆதரவு உண்டு. இழுவைக்கான மிதமான டியூனில் கியர் மாறும் விதமும் சீராகிறது. அந்த வித்தியாசத்தை நெடுஞ்சாலை ஏற்றத்தில் உணரலாம். ஸ்டட் போடாத இன்ஜினில் அந்த அளவோடு நிறுத்த வேண்டும். ஸ்டாக் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) 25 பிஎஸ்ஐ பக்கம். ரேஸ் டியூன்கள் அதை 30-க்கு மேலே தள்ளும். இன்ஜெக்ஷன் டைமிங்கை முன்னே நகர்த்தும் ஃபிகிம் டியூன்களும் சிலிண்டர் அழுத்தத்தை ஏற்றுவதால் அதே கணக்கில்தான் வரும். கலிஃபோர்னியாவில் பதிவான வண்டியென்றால் டியூனருக்குக் கார்ப் (கலிஃபோர்னியாவின் காற்று வாரியம்) அனுமதி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த வண்டியில் டர்போவுக்கு முந்தைய புகை வெப்பத்தை அளக்கக் கம்பெனி சென்சார் கிடையாது. டியூன் ஏற்றிப் பாரம் இழுப்பவர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டுத் தனி மீட்டர் வைக்க வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுவது நல்லது; இரும்புத் தூள் டர்போ சக்கரத்துக்குப் போனால் புது டர்போதான். தொடர்ந்து 1,250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காலை எடுத்து ஒரு கியர் கீழே இறக்குங்கள்.

இ-சீரிஸ் வேன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2010 வரை அதிலும் இதே 6.0 தான். ஆனால் இன்டர்கூலர் இல்லாமல், 235 குதிரைத்திறனுக்குக் குறைத்து விடப்பட்டது. ஆயில் கூலர், கூலண்ட், ஃபிகிம், நீல ஸ்பிரிங் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். ரேடியேட்டரும் முன்பக்க வெளிக்கூலரும் பொருந்தாது, வேனுக்கென்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்ஜின் பாதி டாஷ்போர்டுக்குள் புதைந்திருப்பதால் கூலிக்கு விலை கேட்கும்போதே வேன் என்று சொல்லிவிடுங்கள்.